வெள்ளைச் சீட்டு, மஞ்சள் சீட்டு

என் கையெழுத்து நன்றாக இருக்கும். வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நேற்று நான் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த உங்கள் அலுவலகப் பெண் ஒரே பக்கத்தில் மூன்று எண்களைத் தப்பாக அடித்திருந்தாள். பாவம், சின்னப் பெண், திட்டிவிடாதீர்கள். ஆனால் எண்களில் சின்னத் தப்பு என்று ஒன்று கிடையாது, தம்பி. முப்பது வருஷம் ஆய்வக மேசையில் உட்கார்ந்தவள் சொல்கிறேன்.

நேற்று நீங்கள் என்னிடம் அன்பாகத்தான் பேசினீர்கள். "அக்கா, வயசாயிடுச்சு, ஒரு சீட்டுக்குப் பதிலா இன்னொரு சீட்டு மாறிப்போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க. எந்த ஆஸ்பத்திரியில நடக்கல?" என்றீர்கள். எனக்கு ஒரு வழி திறந்துவிடுகிறீர்கள் என்று புரிந்தது. ஆனால் சீட்டு மாறவில்லை. மாறியது என்று நான் எழுதினால், இத்தனை வருஷத்தில் நான் எழுதிய ஒரே பொய் வாக்குமூலம் அதுவாகத்தான் இருக்கும்.

பெயர் அனார்கான். வயது ஐம்பத்தாறு. எங்கள் புற்றுநோய் மருத்துவமனையின் பெயரை நீங்கள் ஏற்கனவே எழுதிக்கொண்டுவிட்டீர்கள்.

சீட்டுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர், உங்களுக்குச் சட்டென்று புரியும். நம் ஊரில் புற்றுநோய் என்ற சொல்லை நோயாளியிடம் யாரும் சொல்வதில்லை. மகனிடம் சொல்வார்கள், மருமகளிடம் சொல்வார்கள், கொஞ்ச நாளில் தெருவே தெரிந்துவைத்திருக்கும். படுத்திருப்பவருக்கு மட்டும் தெரியாது. சாவுச் செய்தியைக்கூட நாம் நேராகச் சொல்கிறோமா என்ன? குதிரை, மழை, ஆட்டுக்குட்டி என்று நாலு ஊர்க்கதை பேசி, ஆளை உட்காரவைத்து, பிறகுதான் மெல்ல விஷயத்துக்கு வருகிறோம்.

ஆனால் நோயாளிகளுக்குப் படிக்கத் தெரியும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு எழுதுவோம். வெள்ளைச் சீட்டில் உள்ளது உள்ளபடி இருக்கும், அது டாக்டருக்குப் போகும். மஞ்சள் சீட்டு நோயாளியின் கைக்கு. அதில் 'வீக்கம்' என்றிருக்கும், 'சளி' என்றிருக்கும், எண்களெல்லாம் சமர்த்தாக இருக்கும். சட்டத்தில் இதற்கு இடமில்லை. ஆனால் இதை வேண்டாம் என்று சொன்ன குடும்பம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. இரண்டையும் நான்தான் எழுதுவேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதுவேன். வெள்ளை ஒருநாளும் நோயாளி கைக்குப் போனதில்லை, மஞ்சள் ஒருநாளும் டாக்டர் மேசைக்குப் போனதில்லை. இந்த வழக்கிலும் போகவில்லை.

நூரீசா என்ற பெண் போன வசந்தத்தின் தொடக்கத்தில் என்னிடம் வந்தாள். பட்கென் பக்கத்துக் கிராமம். அப்பா கல்முரத்துக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

"அக்கா, அப்பாவ லேசா நெனச்சிடாதீங்க. பேப்பரு, மருந்து அட்டை, சோப்பு உறைன்னு ஒண்ணு விடாம படிக்கிற மனுஷன். குளுந்த கல்லுல உக்காந்து உக்காந்து மூத்திரப்பை வீங்கிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கோம். சீட்டுல வேற ஏதாவது வந்துடப்போகுது."

"பயப்படாத. மஞ்சள் சீட்டுல வெறும் கல்லுதான் இருக்கும்."

அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இன்றும் பிடிக்கும்.

இனி மருந்து. என் முப்பத்து நான்காவது வயதில் நான் ஓர் ஆராய்ச்சியைப் பாதியில் விட்டவள். சோவியத் நாடு உடைந்த வருஷம். என் பேராசிரியர் பெட்டி கட்டிக்கொண்டு மாஸ்கோ போய்விட்டார். என் தாள்களும் கால் உடைந்த மேசையும் சுடர்க்கருவியும் மிஞ்சின. அந்தக் கருவி எளிமையானது. செல்களைக் கரைத்த நீரைச் சுடரில் தெளித்தால் சோடியம் மஞ்சளாக எரியும், பொட்டாசியம் வெளிறிய ஊதாவாக எரியும். எவ்வளவு எரிகிறதோ அவ்வளவு இருக்கிறது என்று அர்த்தம். இருபத்திரண்டு வருஷம் மற்றவர்களுடைய ரத்தத்தை அதில் தெளித்துக்கொண்டு, எனக்கென்று ஓர் ஆராய்ச்சி முடிவு ஒருநாள் வரும் என்று காத்திருந்தேன். இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லாம் பட்டம் வாங்கிக்கொண்டு எனக்கு மேலே போனபோது வயிறு எரிந்திருக்கிறது.

உடம்பில் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் ஒரு பம்பு இருக்கிறது. சோடியத்தை வெளியே தள்ளும், பொட்டாசியத்தை உள்ளே இழுத்துவைக்கும். நாம் தூங்கும்போதும் ஓடும். நாங்கள் பார்த்த சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்களில் இந்த உப்புகளின் அளவு பிசகியிருந்தது. சோடியம் அதிகம், அதை வெளியேற்றப் பம்பு மூச்சு வாங்கிக்கொண்டு ஓடியது. அந்த நேரத்தில் பம்பை நிறுத்தினால் பொட்டாசியம் வெளியே கசியும், சோடியமும் தண்ணீரும் உள்ளே புகும், செல் உப்பி வெடிக்கும். எங்கள் மருந்து அதைத்தான் செய்தது. பெயர் கிடையாது, ஐந்தாம் எண் என்போம். டாக்டர் இசாபெக் ஊசி போடுவார், நான் அளப்பேன். மருந்தை ஏற்றுக்கொள்ளத் தலைநகரில் எங்களிடம் கேட்டது பன்னிரண்டு நோயாளிகள், ஆளுக்கு வாரம் ஒன்றாக ஆறு ஊசி.

ஒரு விதி இருந்தது. செல்லிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் ரத்தத்துக்குத்தான் வரும். ரத்தத்தில் அது மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஐந்தரையைத் தாண்டினால் ஊசியை நிறுத்தி அந்த ஆளை ஆய்விலிருந்து விலக்க வேண்டும். தாண்டியும் ஊசி போட்டுக்கொண்டே போனால் இதயம் நின்றுவிடும். இது எனக்குத் தெரியும். தெரியாது என்று எங்கும் எழுத வேண்டாம்.

கல்முரத் பன்னிரண்டாம் ஆள்.

கிராமத்தில் அவர் மடைக்காரர். யார் காட்டுக்கு எப்போது வாய்க்கால் திறப்பது என்று முறை சொல்கிறவர். அறுபத்தொரு வயது. வெள்ளைக் கம்பளித் தொப்பியை ஊசி போடும்போதும் கழற்ற மாட்டார். ஒரு துணிப்பை நிறையக் காய்ந்த ஆப்ரிகாட் கொண்டுவந்து வார்டு முழுக்கப் பங்கு வைத்தார். ஊசிக்கு முன்னால் சிறுநீர்ப்பையைக் கழுவி, அந்த நீரில் உதிர்ந்து வரும் செல்களை எனக்கு அனுப்புவார்கள். அவர் அந்தக் குப்பியைத் தானே கையில் பிடித்துக்கொண்டு என் ஆய்வகத்துக்கு வந்துவிடுவார்.

"தங்கச்சி, எங்க ஊர்ல என் மூத்திரத்துக்கு வேலி ஓரந்தான். இங்க என்னடான்னா கண்ணாடிக் குப்பி, நம்பரு, மூடி. இவ்வளவு மரியாதை என் கல்யாணத்துல கூடக் கெடைக்கல."

அவர் சுடரைப் பார்க்க ஆசைப்பட்டார். காட்டினேன். பம்பைப் பற்றியும் சொன்னேன், யாரோ ஒருவருடைய செல் என்பதுபோலச் சொன்னேன். தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பம்பு நின்னா உள்ள இருக்கிறது வெளிய வந்துடும். அதானே?"

"அதான் அண்ணே."

"வந்து எங்க போகும்?"

நான் அடுத்த குப்பியின் மூடியைத் திறந்தேன்.

"இல்ல தங்கச்சி, மேக்காட்டுல தேங்குன தண்ணிய ஒடச்சு விட்டா அது கீழ்க்காட்டுல ஏறும். அங்க யாரு நிக்கிறாங்கன்னு ஒரு தடவ பாத்துட்டுத்தான் நான் மண்வெட்டியத் தூக்குவேன். உங்க கீழ்க்காடு எது?"

மருத்துவக் கல்லூரி முடித்து வரும் பிள்ளைகளில் ஒருவர்கூட இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. "மூத்திரத்துல போயிடும் அண்ணே" என்றேன். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது சரியான பதில்தான். அவருடைய சிறுநீரகங்கள் அவ்வளவு நன்றாக இல்லை.

முதல் மூன்று வாரத்திலேயே தெரிந்துவிட்டது. மற்ற பதினொரு பேருடைய செல்கள் அரைமனசாக வேலை செய்தன. கொஞ்சம் பொட்டாசியம் போகும், அடுத்த வாரம் திரும்ப ஏறிக்கொள்ளும். கல்முரத் அண்ணனின் செல்கள் அப்படியில்லை. வாரா வாரம் ஊதா மங்கிக்கொண்டே வந்தது, மஞ்சள் கூடிக்கொண்டே போனது. தாளில் புள்ளி வைத்து இணைத்தால் அடிமட்டம் வைத்துப் போட்ட கோடு போல இருந்தது. அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பெறாதவள் நான், தம்பி. பெற்றவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

நான்காம் வாரம் அவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் ஐந்து புள்ளி ஒன்பது.

இரண்டு தரம் திரும்ப அளந்தேன். அதேதான். விதிப்படி அவர் அன்றோடு வீட்டுக்குப் போக வேண்டும். கட்டி பாதி சுருங்கியிருந்தது, மிச்சத்தை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம், அவர் பிழைத்துக்கொள்வார். என் கோடு மட்டும் பாதியில் நின்றுவிடும். வெள்ளைச் சீட்டை எடுத்தேன். நான்கு புள்ளி ஆறு என்று எழுதினேன். கை நடுங்கியதா என்று கேட்டீர்கள். சீட்டை நீங்களே பாருங்கள்.

ஒன்று யோசியுங்கள். அந்தக் குடும்பம் அவரிடம் ஒரு சொல்லை மறைத்தது. டாக்டர் மறைத்தார், நர்சுகள் மறைத்தார்கள், வார்டு துடைக்கும் அம்மா கூட மறைத்தாள். யாரும் அதைக் குற்றம் என்று நினைக்கவில்லை. நான் ஒரு எண்ணை மறைத்தேன். அன்று எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டது.

அதே வாரம் நூரீசா வந்து கேட்டாள்.

"அக்கா, அப்பாவுக்கு வாய்க்கு எதுவுமே புடிக்கல. ஆப்ரிகாட்டும் அத ஊறவச்ச தண்ணியும் மட்டும் இறங்குது. பக்கத்துப் படுக்கை அம்மா குடுக்காதேங்குறாங்க. குடுக்கலாமா?"

காய்ந்த ஆப்ரிகாட் முழுக்கப் பொட்டாசியம். ஊறவைத்த தண்ணீரிலும் அது இறங்கியிருக்கும். நான் அரை நிமிஷம் யோசித்தேன். ஆய்வின் நடுவில் உணவை மாற்றினால் எண்கள் மருந்தால் மாறினவா, உணவால் மாறினவா என்று பிறகு சொல்ல முடியாமல் போய்விடும்.

"வாய்க்கு ருசியா எது கேக்குறாரோ அதக் குடு" என்றேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஐந்தாம் ஊசி போட்டு மூன்றாம் நாள் சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டாக்டர் இசாபெக் கையுறையைக்கூடக் கழற்றாமல் என் ஆய்வகத்துக்கு ஓடிவந்தார். நாற்பது வயது மனிதர், கண்ணெல்லாம் ஈரம்.

"அக்கா, இல்லக்கா. கட்டியக் காணோம். வழுவழுன்னு கெடக்கு, பச்சக் கொழந்தையோடது மாதிரி. பதினஞ்சு வருஷத்துல இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல."

என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கொஞ்ச நேரம் சும்மா சிரித்தார். பிறகு நிதானித்தார்.

"அப்ப ஆறாவது வேணுமாக்கா? இதோட நிறுத்தி அனுப்பிடலாமா? பொட்டாசியம் எவ்வளவு இருக்கு?"

அன்று காலை நான் அளந்தது ஆறு புள்ளி நான்கு. சொல்லியிருந்தால் அடுத்த வண்டியில் கல்முரத் அண்ணன் பட்கென் போயிருப்பார். வசந்தத்தில் முதல் வாய்க்கால் திறப்புக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்று அவர் தினமும் எல்லோரையும் நச்சரித்துக்கொண்டிருந்தார். அவர் இல்லையென்றால் மேல்தெருவும் கீழ்த்தெருவும் மண்டையை உடைத்துக்கொள்ளுமாம்.

"நாலு புள்ளி ஏழு" என்றேன்.

"அப்ப முடிச்சிடலாம். அஞ்சு ஊசியோட விட்டா தலைநகரத்துல ஏத்துக்க மாட்டாங்க."

"மாட்டாங்க தம்பி."

ஊசிக்கு முந்தின நாள் மதியம் அவரே என்னைத் தேடி வந்தார். குப்பி ஒன்றும் கையில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கால் தன்னுடையது மாதிரியே இல்லை, உதடு மரத்துப்போகிறது என்றார். இரண்டும் எதன் அறிகுறி என்று எனக்குத் தெரியும். உட்காரச் சொன்னேன். பையிலிருந்து ஐந்து மஞ்சள் சீட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"இத எழுதுறது நீதானே?"

"ஆமாண்ணே."

"நல்லா எழுதியிருக்க. நானும் ஒண்ணும் தெரியாதவன் மாதிரியே படிச்சேன்."

நான் அவரைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"வந்த ரெண்டாம் நாளே தெரியும் தங்கச்சி. வாசல்ல என்ன போர்டு போட்டிருக்கீங்க? கல்லுல உக்காந்தவன எல்லாம் இங்க கொண்டாந்தா எங்க ஊரே இங்கதான் படுத்திருக்கும். பொண்ணு கஷ்டப்பட்டு மறைக்குது. நான் தெரிஞ்ச மாதிரி காட்டினா ஒடைஞ்சு போயிடும். அதனால எனக்கு எந்தச் சீட்டு வந்தாலும் கவலையில்ல." கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆனா ஒண்ணு சொல்லு. டாக்டர் கைக்குப் போறது நெஜந்தானே? அது நெஜமா இருந்தாப் போதும். நான் ஏன் கேக்குறேன்னா, ஒடம்பு வேற மாதிரி சொல்லுது."

இந்த இடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. உங்களுக்குத் தெரியாது. அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். நானாகத்தான் எழுதுகிறேன்.

"டாக்டர்கிட்ட நெஜந்தான் போகுது அண்ணே" என்றேன்.

"அப்ப சரி" என்றார். சீட்டுகளை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள், கண் சிவந்திருக்கிறது, ரொம்ப வேலை செய்யாதே என்றார்.

மறுநாள் காலை பத்தரைக்கு ஆறாவது ஊசி. அதற்கு முன் சிறுநீர்ப்பை கழுவிய நீரை வாங்கிக்கொண்டேன். அவர் பத்து ஐம்பதுக்கு இறந்தார். நூரீசாவிடம் எந்தப் பேருந்து சீக்கிரம் போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம், பாதிப் பேச்சில் நின்றுவிட்டது. தாழ்வாரத்தில் அவள் அலறியது ஆய்வகம்வரை கேட்டது. நான் அப்போது சுடரில் தெளித்துக்கொண்டிருந்தேன். பாதியில் எழுந்தால் அளவு கெட்டுவிடும் என்பதால் முடித்துவிட்டுத்தான் போனேன். நல்ல புள்ளியாக விழுந்தது.

உடலை அறுக்க வேண்டாம் என்று குடும்பம் கையெழுத்துப் போட்டது. யார்தான் போடாமல் இருக்கிறார்கள்? புற்றுநோய்க்காரர் இறந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அடக்கத்துக்கு நானும் போனேன். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டிருந்தார்கள். ஆண்கள் கோலை ஊன்றிக் குனிந்து நின்று அழுதார்கள், மேல்தெருவும் கீழ்த்தெருவும் சேர்ந்தே நின்றது. நூரீசா என் தோளில் விழுந்து, "கடைசிவரைக்கும் அப்பாவுக்கு எதுவும் தெரியாம பாத்துக்கிட்டீங்கக்கா" என்றாள். அவருக்குத் தெரிந்திருந்தது என்று சொல்ல நாக்குவரை வந்தது. சொல்லவில்லை. அவளுடைய நிம்மதியைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆனால் என் பதிவேட்டில் உண்மையான எண்கள் இருந்தன. பதிவேட்டில் பொய் எழுத என்னால் முடியாது, அது ஆராய்ச்சி. டாக்டர் இசாபெக் கட்டுரைக்காக அதைப் புரட்டியபோது ஆறு புள்ளி நான்கைப் பார்த்தார். வெள்ளைச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"மாத்தி எழுதிட்டீங்க இல்லக்கா? மஞ்சள்ல எழுத வேண்டியத வெள்ளையில எழுதிட்டீங்க. அவ்வளவுதானேக்கா?"

ஆமாம் என்று நான் சொல்ல வேண்டும் என்று அவர் முகம் கெஞ்சியது.

"நான் என்னைக்காவது மாத்தி எழுதியிருக்கேனா?" என்றேன். அவர் எழுந்து உங்களிடம் வந்துவிட்டார். நல்ல மனிதர், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். சீட்டு மாறவில்லை. கல்முரத்தின் ரத்தத்தில் பொட்டாசியம் அளவுமீறி ஏறியது தெரிந்தே, ஊசி போட்டால் இறந்துவிடுவார் என்பது தெரிந்தே, நான் வெள்ளைச் சீட்டில் பொய் எண் எழுதி அந்த ஊசியைப் போடவைத்தேன். அவரை நான்தான் கொன்றேன். என்னை யாரும் தூண்டவில்லை.

பதிவேட்டைக் கைப்பற்றியிருக்கிறீர்கள், அதனால் நான்காம் ஆளின் பக்கத்தையும் ஒன்பதாம் ஆளின் பக்கத்தையும் எப்படியும் பார்ப்பீர்கள். நீங்கள் தேடித் திரிய வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய கடைசி இரண்டு வெள்ளைச் சீட்டுகளும் அப்படி எழுதியவைதான். நான்காம் ஆள் பள்ளிக்கூடச் சமையல்காரி, ஒன்பதாம் ஆள் ஓய்வுபெற்ற தபால்காரர். ஆறு ஊசியும் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் அதே வாரத்தில் இறந்தார்கள், புற்றுநோய் கொண்டுபோய்விட்டது என்று ஊர் பேசியது. அவர்களுடைய கட்டி கரையவே இல்லை, அதனால் அந்த இரண்டு பேரையும் தவறு என்று எழுதிக்கொண்டாலும் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் கல்முரத் அண்ணனை அவர்களோடு சேர்க்காதீர்கள். கட்டுரை வெளிவந்தால் அட்டவணையில் அவர் பெயருக்கு எதிரே 'இறந்தார்' என்று மட்டும் போட்டுவிடக் கூடாது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். அது நியாயமில்லை. பன்னிரண்டு பேரில் குணமானவர் அவர் ஒருவர்தான்.